சோபாவுக்கு அடியில் ஒரு கறை

வேலை முடிந்து உள்ளே நுழைந்ததுமே சோபா இடம் மாறியிருப்பதை அவள் கவனித்துவிட்டாள். ஒரு சாண் தூரம்தான், ஜன்னல் பக்கமாக. குடித்த டம்ளரைக்கூட எடுத்து வைக்காத மனுஷன் சோபாவைத் தள்ளிப் போட்டிருக்கிறார் என்றால் சும்மாவா? போதாததற்கு எல்லா ஜன்னலும் திறந்து கிடந்தன. வீடு முழுக்க சோப்பு வாசனை வேறு.

"சோபாவை ஏன் நகர்த்துனீங்க?"

"வெயில் பட்டா துணி வெளுத்துடும்ல, அதான்," என்றார் கணவர், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஜன்னல் பக்கம் நகர்த்தினால் வெயில் கூடத்தான் படும். பொய் சொல்லவும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். அது அவருக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

அவர் குளிக்கப் போகும்வரை பொறுத்திருந்து சோபாவை இழுத்தாள். கார்ப்பெட்டில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பழுப்பாக ஒரு கறை. தேய்த்த தேய்ப்பில் இழையெல்லாம் பிசிறு பிசிறாக எழுந்து நின்றது.

மறுபடியும் ஆரம்பித்துவிட்டாரா?

ஒரு காலத்தில் ஒயினில் தொடங்கி, கையில் எது கிடைக்கிறதோ அதில் முடிப்பார். "இனி ஒரு சொட்டு தொட்டாலும் நானும் பாப்பாவும் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவோம். திரும்பி வரமாட்டோம்," என்று அவள் சொன்ன அன்றோடு நிறுத்தினார். இரண்டு வருடமாக வீட்டில் நிம்மதி இருந்தது. ஆனால் கொஞ்ச நாளாகவே ஆள் சரியில்லை. தட்டில் பாதியை அப்படியே வைத்துவிடுகிறார். பாத்ரூமுக்குள் போனால் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெளியே வர மனசில்லாமல் நிற்கிறார். எந்நேரமும் வாயில் புதினா மிட்டாய். இதையெல்லாம் கண்டும் காணாமல் இருந்தது தன் தப்பு என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

யாரிடம் மறைக்கப் பார்க்கிறார்! பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் கறை எடுப்பதுதான் அவள் வேலை. "கறையை முதல்ல விசாரிக்கணும். அப்புறம்தான் தேய்க்கணும்," என்று புதிதாகச் சேருபவர்களிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்தவள். இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று மண்டி போட்டு உட்கார்ந்தாள்.

சமையல் சோடாவைக் கரைத்து ஓர் ஓரத்தில் விட்டாள். ஒயின் என்றால் நீலம் பாரிக்கும். பாரிக்கவில்லை. டீயோ காபியோ என்றால் வினிகருக்குக் கொஞ்சமாவது இளகும். வினிகரை இன்னோர் ஓரத்தில் ஊற்றி வெள்ளைத் துணியால் ஒற்றினாள். துணியில் ஒன்றும் ஏறவில்லை. கறை கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தது. ஆத்திரத்தோடு கைப்பையைக் குடைந்து, வேலையிடத்திலிருந்து கொண்டுவந்திருந்த சின்ன பாட்டிலை எடுத்தாள். படுக்கை விரிப்புகளுக்குப் போடுகிற மருந்து. இதையும் பார்த்துவிடுவோம் என்று நாலு சொட்டு விட்டாள்.

பொசுபொசுவென்று வெள்ளையாக நுரைத்தது.

அந்த மருந்து ரத்தத்துக்குத்தான் அப்படி நுரைக்கும். அவள் இன்னும் கொஞ்சம் விட்டாள். விட்ட இடமெல்லாம் நுரைத்தது. மூக்கில் வந்த ரத்தம் இவ்வளவு இருக்காது. பாதித் தட்டுச் சோறு, திறந்து ஓடும் குழாய், புதினா மிட்டாய் எல்லாம் இப்போது வேறு மாதிரியாக அவள் முன் வந்து நின்றன. கையிலிருந்த பாட்டில் மூடி நழுவி எங்கேயோ உருண்டு போனது.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"டீ கொட்டிடுச்சும்மா."

"டீ நுரைக்காது." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "சுடுதண்ணி ஊத்துனீங்களா?"

"ஆமா. நல்லா கொதிக்க வெச்சு ஊத்தினேன். போகவே மாட்டேங்குது."

"சுடுதண்ணி பட்டா ரத்தம் வெந்து அங்கேயே பிடிச்சுக்கும்."

அவர் சோபாவின் கையில் மெதுவாக உட்கார்ந்தார். அந்தப் பனியனுக்குள் மனுஷன் எவ்வளவு இளைத்திருக்கிறார் என்று அவள் அப்போதுதான் பார்த்தாள்.

"முதல்ல கொஞ்சமாத்தான் வந்துச்சு, வாந்தியில. இன்னைக்கு பாத்ரூமுக்குப் போறதுக்குள்ள..."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நான் திரும்பக் குடிக்கிறேன்னு நெனப்ப. பாப்பாவைக் கூட்டிட்டுப் போயிடுவ."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மண்டி போட்டபடியே நகர்ந்து வந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒயின்னு சொல்லுங்க. குடிச்சேன், கொட்டிட்டேன்னு சொல்லுங்க. நான் எங்கேயும் போகமாட்டேன்."

அவர் பயந்துபோய் அவள் முகத்தைப் பார்த்தார்.

"இல்லம்மா. பாப்பா மேல சத்தியமா, நான் தொடவே இல்ல."