மீன் தொட்டியில் ஒரு ஸ்பூன் பால்

எங்கள் வீட்டு மீன் தொட்டியைக் கலங்கடித்துக்கொண்டிருந்தது நான்தான். தினமும் காலையில் என் வீட்டுக்காரர் குளிக்கப் போனதும், பால் பாத்திரத்திலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்துத் தொட்டியில் விடுவேன். ஸ்பூனைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல வேலைக்குக் கிளம்பிவிடுவேன்.

பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசை என்னுடையது. அங்கே போய் உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளாது. ஒருநாள் பல் பிடுங்க வந்தவரைப் பல் சுத்தம் செய்யும் அறைக்கு அனுப்பிவிட்டேன். டாக்டரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, "உடம்பு ஏதும் சரியில்லையா?" என்றார். உடம்புக்கு ஒரு கேடும் இல்லை. மீன் செத்துவிடுமோ என்றுதான் பயம். மீன் செத்தால் அது மீனோடு போகாது.

என் வீட்டுக்காரர் மருந்துத் தொழிற்சாலையில் பாட்டில் பார்ப்பவராக இருந்தார். ஊசி மருந்து பாட்டிலை விளக்கு வெளிச்சத்தில் தூக்கி, ஒரு சுழற்றுச் சுழற்றி, தூசியோ துளிக் கலங்கலோ தெரிந்தால் ஒதுக்கிவிடுவார். கழுகுக்கண் என்றுதான் அங்கே கூப்பிடுவார்கள். பிறகு ஒரு கேமரா மிஷின் வந்தது, கழுகு வீட்டுக்கு வந்துவிட்டது.

அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தி, இரண்டு பேரும் தேறியிருப்போம். சுவரைப் பார்த்துச் சேரைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். தட்டை வைத்தால் சாப்பிடுவார், வைக்காவிட்டால் கேட்க மாட்டார். ஒருநாள் நான் வேலை முடிந்து வந்தபோது பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி நின்றார். எங்களுடையது ஐந்தாவது மாடி. "காத்து வாங்குறேன்" என்றார். அன்றைக்கு ஒரு இலைகூட அசையவில்லை.

அந்த வாரம்தான் என் தம்பி வீடு மாறினான். "புது வீட்டுல இடம் இல்லக்கா, மாமாவுக்குப் பொழுது போகும்" என்று மீன் தொட்டியை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனான். மணலைக் கழுவிக் கொட்டி, புதுத் தண்ணீர் நிரப்பி, மீன்களை விட்டேன். இரண்டு நாளில் தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெளுத்துக் கலங்கியது. சேரில் இருந்தவர் எழுந்து வந்தார். "இதுல யாரு என்னத்தப் போட்டது?" என்றார். அவர் வாயிலிருந்து முழுதாக ஒரு வாக்கியம் வந்து எத்தனை நாளாயிற்று!

வளர்ப்பு மீன் கடைக்காரருக்குப் போன் போட்டார். "புதுசா செட் பண்ணா அப்படித்தான் சார். கண்ணுக்குத் தெரியாத கிருமி பெருகும், நல்ல கிருமிதான். தீனியக் கொறைங்க. ஃபில்டர் பஞ்சக் குழாத் தண்ணியில கழுவாதீங்க, அந்தக் கிருமி செத்துடும். சும்மா விட்டாத் தன்னால தெளிஞ்சிடும்" என்றார் அவர். சும்மா விடுகிற ஆளா இவர்? தீனியைக் குறைத்தார். பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசினார். சாப்பிடும்போதும் அதே பேச்சு. என் டீ ஆறிப்போகும்வரை வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மீன்களுக்குப் பெயரும் வைத்தார். வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு, ஒரு வேலையும் செய்யாமல் எல்லார் மேலும் இடித்துக்கொண்டு திரிந்த பெரிய மீனுக்கு மேனேஜர் என்று பெயர்.

பிறகு கடைக்காரர் சொன்னபடியே தண்ணீர் தெளிந்தது. இவர் தொட்டி மூடியைச் சாத்திவிட்டுப் போய்ச் சேரில் உட்கார்ந்தார், சுவரைப் பார்த்தபடி. மறுநாள் காலை ஸ்பூனை எடுத்தேன்.

கலங்கல் பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருந்தவரிடம் கலங்கலை வைத்தே விளையாடினேன், என் புத்தியை என்ன சொல்ல! அவர் துப்பறிய ஆரம்பித்துவிட்டார். ஜன்னல் ஓரம் கண்ணாடிப் பாட்டில்கள் முளைத்தன. ஒன்றில் வெறும் குழாய்த் தண்ணீர். ஒன்றில் குழாய்த் தண்ணீரும் மணலும். ஒன்றில் தொட்டித் தண்ணீரும் ஒரு துண்டுப் பஞ்சும். ஒவ்வொன்றிலும் ஸ்டிக்கர். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுவார்.

"மணல் மேல தப்பில்ல. குழாத் தண்ணி மேலயும் தப்பில்ல."

"அப்படியா?" என்பேன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சமையலறைக்குள் புகுந்துகொள்வேன். அவர் ஒவ்வொரு பாட்டிலாக விடுதலை செய்யச் செய்ய, குற்றவாளிக் கூண்டில் மிச்சம் நான்தான். ஆனாலும் அவர் பேசினாரே! அந்தப் பேச்சுக்கு ஆசைப்பட்டு மறுநாளும் ஊற்றினேன். ஊற்றிவிட்டு, பஸ்ஸில் நகத்தைக் கடித்தேன்.

ஒரு காலையில் பாலை விட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் கவனித்தேன். மேனேஜர் மேல்மட்டத்துக்கு வந்து, தண்ணீருக்கு வெளியே வாயை நீட்டி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது. ஊற்றியதைத் திரும்ப அள்ளவா முடியும்? குளியலறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டேன்.

மருத்துவமனையில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மீன் மிதக்கும், அவர் பார்ப்பார், நம் கையில் எதுவும் நிலைக்காது என்று நினைத்துக்கொள்வார். மத்தியானத்தோடு தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மீன் மிதக்கவில்லை. அவர் தண்ணீரில் பாதியை மாற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மேசைமேல் இரண்டு பாட்டில்களை வைத்தார்.

"இது நான் குளிக்கப் போறதுக்கு முன்னாடி எடுத்தது. இது குளிச்சிட்டு வந்து எடுத்தது. மோந்து பாரு."

"எனக்கு ஜலதோஷம்."

"காலையில இல்லையே."

"எப்பத் தெரியும்?" என்றேன்.

"ரெண்டாவது பாட்டில்லயே சந்தேகம் வந்துடுச்சு. நீயா இருக்காதுன்னு இன்னும் நாலு பாட்டில் வெச்சுப் பார்த்தேன்." தொட்டியைக் காட்டினார். "அதுங்க என்ன பாவம் பண்ணுச்சு?"

அவ்வளவுதான், நான் உடைந்துவிட்டேன்.

"அதுங்க ஒண்ணும் பண்ணல. நான் என்னங்க பாவம் பண்ணேன்? தண்ணி தெளிஞ்ச அன்னைக்கு நீங்க போய் அந்தச் சேர்ல உக்காந்தீங்க. சாயங்காலம் கதவத் தொறந்தா உள்ள நீங்க இருப்பீங்களா மாட்டீங்களான்னு தெரியாம தெனமும் படியேறி வரேன் நான். தண்ணி கலங்கியிருந்தா நீங்க இருப்பீங்க. அதான் ஊத்துனேன். இன்னும்கூட ஊத்துவேன்!"

அவர் தொட்டியிடம் போய்க் காற்றுக் குழாயைக் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டார். குமிழிகள் வேகமாக வந்தன. மேனேஜர் மெல்லக் கீழே இறங்கியது. அது இறங்குகிறவரை பார்த்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார்.

"தெளிஞ்சா நான் மறுபடி அப்படி ஆயிடுவேன்னு பயப்படுற."

"ஆமா."

இல்லை, ஆக மாட்டேன் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். பொய்யாகவாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

"எனக்கும் அதே பயந்தான்" என்றார்.

இத்தனை மாதத்தில் அவர் தன்னைப் பற்றி என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது. என் பயம் இன்னும் கூடியது. கூடவே, என்னவோ தெரியவில்லை, மூச்சும் கொஞ்சம் நேராக வந்தது.

"பால நிறுத்திடு" என்றார். "நிறுத்துனா நாளைக்கோ மறுநாளோ தெளிஞ்சிடும். தெளியுற அன்னைக்கு நீ வேலைக்குப் போகாத. என்கூட இரு."

"இருக்கேன்" என்றேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போனை எடுத்து டாக்டரம்மாவிடம் இரண்டு நாளைக்கு லீவு சொன்னேன்.