உடைந்த கியூப்

பள்ளிக்கூட மேல்தளத்தின் கான்கிரீட் கியூப்களை மாமாவே தூக்கிக்கொண்டு வந்தார். மாமா என்றால் என் அக்கா புருஷன். அந்தக் கட்டட வேலைக்கு மேஸ்திரி. தளம் போடும்போது அதே கலவையில் கொஞ்சம் எடுத்து அச்சில் ஊற்றித் தண்ணீரில் போட்டு வைப்பார்கள். பிறகு நான் வேலை செய்யும் சோதனை லேப் மெஷினில் வைத்து நசுக்கிப் பார்ப்போம். தாங்கினால்தான் தளத்தைத் தாங்கக் கீழே நிறுத்திய முட்டுகளைப் பிரிக்கலாம்.

தாங்கியது. தேவைக்கு மேலேயே தாங்கியது.

"பாத்தியா? இரும்பு!" என்றார் மாமா.

நான் உடைந்த துண்டைக் கையில் எடுத்தேன். உள்ளே கூர்கூராக உடைகல் ஜல்லி. தளம் போட்ட அன்று நானும் அங்கே இருந்தேன். கலவையில் கொட்டியதெல்லாம் உருண்டைக் கூழாங்கல்.

"மாமா, இது அந்தத் தளத்துக் கலவை இல்ல."

சிரித்தார். "உனக்குக் கழுகுக் கண்ணுடி."

"தளத்துல சிமெண்டு எவ்வளவு குறைச்சீங்க?"

"ஊர்ல எவன் குறைக்கல? ரிப்போர்ட்டுல கொஞ்சம் ஃபட்ஜ் பண்ணு, அட்ஜஸ்ட் பண்ணி எழுது, அவ்வளவுதான். திருட்டா பண்ணச் சொல்றேன்?"

திருட்டு என்று சொன்னால் நாக்கு சுடும். ஃபட்ஜ் என்றால் சலவைச் சட்டை போட்டதுபோல் இருக்கிறது. அந்தச் சொல்லை ஒருமுறை அகராதியில் தேடியிருக்கிறேன். ஃபேட்ஜ் என்ற பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்திருக்கலாமாம். அதற்குப் பொருள் பொருந்துதல், பொருத்துதல். பொய்யே சொல்லித் திரிந்த ஒரு கப்பல் தலைவனின் பெயர் என்றும் ஒரு கதை உண்டு. அகராதிக்காரர்கள் அதை நம்புவதில்லை. எனக்கு முதல் பொருளே போதும். பொருந்தாததை அழுத்திப் பொருத்துவது. இடையில் நசுங்குவது யார் என்று எந்த அகராதியிலும் போடவில்லை.

மாமா துடைப்பத்தை எடுத்துத் துண்டுகளைக் கூட்டப் போனார். நான் துண்டுகள்மேல் காலை வைத்தேன்.

"கால எடு. நாளைக்கு முட்டுப் பிரிக்கணும்."

"பிரிக்க மாட்டீங்க."

"உங்கக்கா முகத்துல எப்படி முழிப்பே?"

போனை எடுத்தேன். பள்ளிக்கூடத்து இன்ஜினியரிடம், மாமா காதுபடவே சொன்னேன்: "கியூப் உங்க தளத்தோடது இல்ல. முட்டுகளைத் தொடாதீங்க. தளத்துலயே துளை போட்டு ஒரு துண்டு எடுத்துக் குடுங்க, அதைச் சோதிக்கிறேன்."

 மாமா துடைப்பத்தைச் சுவரில் வீசிவிட்டுப் போனார்.

சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். "ஊர்ல வேற ஆளே கிடைக்கலையாடி உனக்கு? அவர வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க."

"அந்தக் கட்டடத்துல உன் பிள்ளைங்கள உக்கார வைப்பியாக்கா?"

    

அக்கா சொன்னாள்: "மாட்டேன். ஆனா நீ இனிமே என் வீட்டுக்கு வராத."

சிமெண்டைக் குறைத்தவர் வீட்டுக்கு வரலாம். நான் வரக் கூடாது.