குளம் பார்க்கப் போனவர்

“அன்ரி, முகத்தைக் கொஞ்சம் இஞ்சாலை திருப்புங்கோ” என்று வீடியோக்காரன் கேட்டதும் பத்மாசினி மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

கொக்குவில் வீட்டின் விறாந்தையில் அவளுடைய கணவர் கனகரத்தினம் பெட்டிக்குள் கிடந்தார். தலைமாட்டில் ஒரு கமரா, கால்மாட்டில் ஒரு கமரா. ரொறன்ரோவில் இருக்கும் மகன் கஜீவன் எல்லாவற்றையும் நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாவின் முகத்தில் வெளிச்சம் காணாது என்று காலையிலேயே தொலைபேசி எடுத்துச் சொல்லியிருந்தான். உயிரோடு இருந்த முகத்தை வந்து பார்க்க ஒரு தடவை கூட லீவு கிடைக்காதவன்.

கனகரத்தினம் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறியவர். அதன் பிறகு அவருக்கு இருந்த ஒரே வேலை, கமராப் பையைத் தோளில் கொளுவிக்கொண்டு பஸ் ஏறுவது. பாலைவனங்களையும் அங்குள்ள நீர்த்தேக்கங்களையும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்ட மனிதர். பாலைவனத்துக்குப் போக வழியில்லாததால் கடற்கரை மணல்மேடுகள் இருக்கும் மணற்காட்டுக்குப் போனார். பிறகு வன்னியிலும் மன்னாரிலும் வற்றிய குளமாகப் பார்த்துப் போனார். திரும்பும்போது ஏதாவது ஒரு சின்னச் சந்தியில் இறங்கி, பூட்டிக் கிடக்கும் சலூனையும் வெயிலில் நிற்கும் சைக்கிளையும் படம் பிடிப்பார். எல்லாவற்றையும் முகநூலில் போடுவார். விருப்பம் தெரிவிக்கிறவர்களில் பாதிப்பேர் சொந்தக்காரர்கள், பாவம் பார்த்து அழுத்துகிறவர்கள்.

“தண்ணியில்லாத குளத்தைப் பாக்கத் தண்ணிப் போத்திலோடை போற மனிசன்” என்று பத்மாசினி அயலுக்குச் சொல்வாள். அவர் காதில் விழும்படியாகத்தான் சொல்வாள். அவர் போத்திலை நிரப்பிக்கொண்டு போய்விடுவார்.

அப்படிப் போனவர் முருங்கனுக்குக் கிட்ட, கட்டுக்கரைக் குளத்தின் அணைக்கட்டில் விழுந்து செத்துப்போனார். மாரடைப்பு. அவளுடைய தம்பி சுதாகரன்தான் மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போய் உடலைக் கொண்டுவந்தான். வந்ததிலிருந்து படலைக்குள் நுழைகிற ஒவ்வொருவருக்கும் அந்தப் பயணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லச் சொல்லப் பொலிஸ்காரர்கள் பொல்லாதவர்களாகவும் சுதாகரன் கெட்டிக்காரனாகவும் ஆகிக்கொண்டே போனார்கள். கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு, ஒரு பெரிய கலைஞன் போய்விட்டார் என்றார்கள். அவர் எடுத்த ஒரு படத்தைக்கூட இவர்களால் சொல்ல முடியாது என்று பத்மாசினி நினைத்தாள். பெட்டியைப் பார்த்தபோது இன்னொன்றும் தோன்றியது. இந்த மனிதருக்குச் சாவதற்குக்கூட ஈரமான ஓர் இடம் அகப்படவில்லை.

புழுக்கம் தாங்காமல் எழுந்து குசினிப் பக்கமாகப் போனாள். அங்கே யாரும் இல்லை. சுடுதண்ணீரைக் குவளையில் ஊற்றிக்கொண்டிருந்தபோது வீட்டின் பக்கவாட்டால் ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்தாள். வெள்ளைச் சேலை, கழுத்தில் சின்னச் சிலுவை. நெஞ்சோடு அணைத்திருந்தது கனகரத்தினத்தின் கமராப் பை.

தன் பெயர் பெர்னடெட் என்றாள். முருங்கனில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறாளாம். ஐயா எப்போது வந்தாலும் அவளுடைய கடையில்தான் தேத்தண்ணி குடிப்பாராம். அன்றைக்கும் குடித்துவிட்டு, வெயில் கடுமையாக இருக்கிறது, பை இங்கேயே இருக்கட்டும், கமரா மட்டும் போதும் என்று கழுத்தில் கொளுவிக்கொண்டு போனவராம். ஆள் திரும்பவில்லை என்று தேடிப் போனவளும் அவள்தான். கமராவை எடுத்துப் பைக்குள் வைத்துக் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

பையை நீட்டியபடி பத்மாசினியின் முகத்தைப் பார்த்தாள்.

“நீங்கள் ஐயாவின்ரை அக்காவோ?”

கிழவி மாதிரித் தெரிகிறேனாக்கும் என்று எரிச்சல் வந்தது. நறுக்கென்று ஒன்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பெர்னடெட்டே தொடர்ந்தாள்.

“மனிசியும் இல்லை. பிள்ளையும் வெளியிலை. கூடப் பிறந்த நீங்களாவது பக்கத்திலை இருக்கிறியளே.”

பத்மாசினி குவளையைக் கீழே வைத்தாள். சேலைத் தலைப்பு கழுத்தை மூடியிருந்தது. அதை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“மனிசியைப் பற்றி உங்களுக்கு என்ன சொன்னவர்?”

பெர்னடெட் வாசல்படியில் உட்கார்ந்து சொன்னாள். டெங்குக் காய்ச்சலில் போய்விட்டதாகச் சொன்னாராம். சொல்லும்போது கண் கலங்கிவிட்டதாம். பாவமாக இருந்ததால் போன ஆத்துமாக்கள் நாளில் தன் தாய் தகப்பனோடு சேர்த்து அவருடைய மனைவிக்கும் ஒரு பூசை ஒப்புக்கொடுத்தாளாம். சைவக்காரருக்குக் கொடுக்கலாமோ என்று பங்குச் சுவாமியிடம் கேட்டபோது, தாராளமாகக் கொடு என்றாராம்.

டெங்கு வந்தது உண்மைதான். கனகரத்தினம் ஆஸ்பத்திரிக் கதிரையில் இரவு பகலாக இருந்தார். அவள் பிழைத்து வந்து, வீட்டைக் குப்பையாக்கி வைத்திருக்கிறார் என்று அன்றைக்கே அவரை ஏசினாள்.

மானங்கெட்ட மனிதர். உயிரோடு இருக்கிறவளைக் கொன்று, ஊர் பேர் தெரியாத தேத்தண்ணிக் கடையில் இருந்து அழுதிருக்கிறார். இதைச் சொன்ன வாயில்தான் இன்னும் கொஞ்ச நேரத்தில் அவள் அரிசி போட வேண்டும்.

“நல்ல மனிசி எண்டு சொன்னவரோ?” என்று கேட்டாள். தன் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

“குறை ஒண்டும் சொல்லேல்லை அக்கா. சரியான பகிடிக்காரியாம். குளத்திலை இருந்து வந்தாரெண்டால், பத்மா இருந்தா இண்டைக்கு அந்த வெடிச்ச குளத்தைப் பாத்துப் பொரிச்ச அப்பளம் எண்டிருப்பா எண்டு சொல்லுவார். சொல்லிப்போட்டுத் தானே சிரிப்பார். எனக்கும் சிரிப்பு வரும். அவவைக் கண்ட மாதிரியே இருக்கும்.”

பத்மாசினி சுவரில் சாய்ந்துகொண்டாள். கலியாணம் செய்த புதிதில் அவளும் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து போனவள்தான். மணற்காட்டு மேடுகளைப் பார்த்து, கடவுள் வீடு கட்ட மணல் பறித்து வைத்திருக்கிறார், மேசன்மார் வரவில்லை என்று சொன்னாள். அவர் சிரித்த சிரிப்பில் கமரா ஆடிப் படம் கெட்டுப்போனது. இன்னும் ஒன்று சொல்லு, இன்னும் ஒன்று சொல்லு என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தார். அதன் பிறகு எந்த வருடத்தில் அவர் சிரிப்பதை நிறுத்தினார் என்று யோசித்துப் பார்த்தாள். பிடிபடவில்லை. அவளுக்குத் தெரிந்து தன் வாய் அதே வாய்தான்.

“வேறை என்ன சொன்னவர்?”

பெர்னடெட் யோசித்தாள். பஸ்ஸில் பக்கத்துச் சீற்றில் யாராவது வந்து இருந்தால் எழுந்து போய்விடுவாராம், அது பத்மாவின் இடமாம் என்று தொடங்கினாள். அதற்குள் சுதாகரன் உள்ளே எட்டிப் பார்த்து, “அக்கா, குருக்கள் கூப்பிடுறார்” என்றான். பத்மாசினி பையைச் சுவர் ஆணியில் கொளுவிவிட்டுப் போனாள்.

சுண்ணப் பாட்டுப் பாடி உரலில் சுண்ணம் இடித்து முடிந்திருந்தது. மகன் வராத குறைக்குக் கனகரத்தினத்தின் தம்பி மகன் கொள்ளிச்சட்டியோடு நின்றான். பெண்கள் ஒவ்வொருவராக வாய்க்கரிசி போட்டார்கள். கடைசியாக அவளைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அவள் அரிசி போட்டாள். தாலிக்கொடியைக் கழற்றி அவர் நெஞ்சில் வைக்கும்படி யாரோ காதுக்குள் சொன்னார்கள். தலைப்பை விலக்கிக் கழற்றினாள். வீடியோக்காரன் முன்னுக்கு வந்து குனிந்தான். அவளைச் சுற்றி நின்றவர்கள் ஓவென்று குரல் எடுத்தார்கள். அவள் அழவில்லை. கொடியை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது விறாந்தைத் தூணோடு பெர்னடெட் நிற்பது தெரிந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள்.

பறைச் சத்தம் கேட்டது. பெட்டியைத் தூக்கினார்கள். பெண்கள் படலையோடு நின்றுவிட, ஆண்கள் தண்டவாளத்தைக் கடந்து ஒழுங்கைக்குள் மறைந்தார்கள். கூட்டம் உள்ளே திரும்பிய பிறகும் பத்மாசினி அங்கேயே நின்றாள். பெர்னடெட் பக்கத்தில் வந்தாள்.

“ஏனக்கா நீங்கள் எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னால் நீங்கள் கதையை நிப்பாட்டியிருப்பியள்.”

பெர்னடெட் அவளுடைய கையை ஒருமுறை பிடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லி நடந்தாள்.

அவள் என்ன சொல்லிவிட்டுப் போகிறாள் என்று சுதாகரனின் மனைவி வந்து விசாரித்தாள். பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டதாகப் பத்மாசினி சொன்னாள்.

வீடு கழுவத் தொடங்கியிருந்தார்கள். அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார்கள். கதிரை போடுகிறோம், நாங்கள் வார்க்கிறோம் என்றவர்களை விலக்கிவிட்டுத் தானே வாளியை இறக்கினாள். அள்ளி அள்ளித் தலையில் ஊற்றினாள். தலைமயிர் முகத்தை மூடி ஒட்டிக்கொண்டது. அவள் அதை ஒதுக்கவில்லை. துவாயோடு நின்ற சுதாகரனின் மனைவி, போதும், காய்ச்சல் வரப்போகுது என்றாள். வாளி மறுபடியும் கிணற்றுக்குள் இறங்கியது.