எட்டு டிஸ்க்கும் ஒரு சந்தனப் பட்டையும்

விஜயதசமி காலையில் டெல்பின் சுவிட்சைப் போட்டதும் கம்ப்யூட்டர் பெட்டி கத்த ஆரம்பித்தது. காதைத் துளைக்கும் ஒரே சீரான சத்தம். அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் கத்தியது. எட்டு டிஸ்க்கும் தெரிகின்றன, ஆனால் உள்ளே எதுவும் இல்லை என்றது திரை.

மேலப்புதூரில் வீட்டு முன்னறையிலேயே ஸ்டூடியோ நடத்துகிறவள் அவள். எடுக்கிற கல்யாண வீடியோவெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் போகும். எட்டு ஹார்டு டிஸ்க்குகளையும் கட்டி மேய்க்க உள்ளே ஒரு கன்ட்ரோலர் கார்டு. ஒவ்வொரு படத்தையும் அது துண்டு துண்டாக நறுக்கி, பந்தியில் இலைக்கு இலை பரிமாறுவதுபோல எட்டு டிஸ்க்கிலும் வரிசையாக வைத்துவிட்டுப் போகும். வேலை வேகமாக நடக்கும். ஆனால் ஓர் இலை போனாலும் மொத்தப் பந்தியும் போன மாதிரிதான்.

மற்ற கல்யாணங்களை அவள் கொடுத்து முடித்துவிட்டாள். உள்ளே மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று.

ஆவணியில் ஸ்ரீரங்கத்தில் நடந்த சுபலட்சுமி கல்யாணம் அது. முகூர்த்தத்துக்கு முதல் நாள் பெண்ணின் அம்மா ரங்கநாயகிக்குக் குடல்வால் வெடித்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கல்யாணத்தைத் தள்ளிப்போட வழியில்லை. தம்பதியாகத்தான் தாரை வார்க்க வேண்டும் என்பதால், மண்டபத்தில் பெண்ணை மடியில் வைத்துத் தாரை வார்த்தது சித்தப்பாவும் சித்தியும்தான். ஒரே பெண்ணின் கல்யாணத்தை ரங்கநாயகி இன்றுவரை பார்க்கவில்லை. உறவுக்காரர்கள் போனில் எடுத்திருந்ததைக் காட்டியபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“துண்டு துண்டா பார்க்க மாட்டேன்டி கொழந்தே,” என்று டெல்பினிடம் சொல்லியிருந்தாள். “ஆரம்பத்துலேர்ந்து நலங்கு வரைக்கும் ஒக்காந்து பார்க்கணும். நீ வெட்டாதே, பாட்டும் போடாதே.”

விஜயதசமி சாயங்காலம் என்று நாள் குறித்தவளும் ரங்கநாயகி மாமிதான். மறுநாள் விடியற்காலையில் மகளுக்கும் மாப்பிள்ளை மாதவனுக்கும் விமானம். மகள் பக்கத்தில் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. கேமராவில் இருந்த மெமரி கார்டுகளை டெல்பின் அடுத்த முகூர்த்தத்துக்கே அழித்துவிட்டாள். பெட்டியில் பத்திரமாக இருக்கிறது என்ற நம்பிக்கைதான்.

லைட்மேன் அடைக்கலத்தை வரச் சொன்னாள். ஐம்பதைத் தாண்டிய மனிதர், அவளுடைய அப்பா காலத்திலிருந்து லைட் பிடிக்கிறவர். இருவருமாகப் பெட்டியை ஆட்டோவில் ஏற்றினார்கள். பெட்டியின் கண்ணாடிக் கதவு மேல் நேற்றைய ஆயுத பூஜைச் சந்தனம் காய்ந்திருந்தது. வருஷா வருஷம் ஸ்டூடியோவில் பூஜை போடுவது அடைக்கலம்தான். டெல்பின் பொரி, கடலை வாங்கிக் கொடுப்பதோடு சரி. நேற்று சர்ச்சில் குழந்தைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விழாவைப் படமெடுக்கப் போனதால் அவள் வீட்டிலேயே இல்லை. வழி முழுக்க அடைக்கலம் பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தார். அவள் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை.

அரியமங்கலத்தில் பீமராவ் கடை. கம்பெனிகள் கழித்துப்போடும் சர்வர்களை வாங்கிப் பிரித்து விற்பவர். பெட்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அதன் கண்ணாடிக் கதவைத் திறந்ததும் அனல் அவர் முகத்தில் அடித்தது.

“இந்த கேபினெட்டை யாரு பாத்து வாங்கினது?”

“நான்தான். வர்ற கஸ்டமருக்கு உள்ள நீல லைட் எரியறது தெரியும்னு.”

“லைட்டு நல்லாத்தான் இருக்கு. மூச்சு விட ஓட்டை எங்கங்க?”

எட்டு டிஸ்க்கையும் உருவி மேஜையில் போட்டார். ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் காதருகே வைத்துக் கேட்டார். ஒன்றில் மட்டும் ‘டிக், டிக்’ என்று ஒரு தட்டல். கண்ணாடிப் பெட்டியின் சூட்டில் அது எப்போதோ நொந்துபோயிருக்கிறது. இன்று முழுக்கத் தாங்குமா என்பதே சந்தேகம், சும்மா சும்மா ஓடவிடக் கூடாது என்றார்.

பிறகு கன்ட்ரோலர் கார்டைக் கழற்றி வேறொரு இயந்திரத்தில் செருகிப் பார்த்தார். அது நன்றாகவே வேலை செய்தது. அப்படியானால் படங்கள் எங்கே போயின என்று டெல்பினுக்குப் புரியவில்லை. பீமராவுக்குப் புரிந்துவிட்டது.

“டிஸ்க்கை யாராச்சும் கழட்டி மாட்டினீங்களா? இது பழைய கார்டு. எந்த ஓட்டையில எது இருந்துச்சுன்னு அதுக்கு வரிசை முக்கியம்.”

இல்லை என்று சொல்ல வாயெடுத்த டெல்பின், அடைக்கலத்தின் முகத்தைப் பார்த்தாள்.

“பூஜைக்கு எடுத்தேம்மா,” என்றார் அவர். “கேமராவை பையிலேர்ந்து எடுத்துத்தானே பொட்டு வைக்கிறோம்? சம்பாதிச்சுக் கொடுக்கறது இதுவும்தானேன்னு, மேலேர்ந்து ஒவ்வொண்ணா உருவி, சாமி படத்துக்கு முன்னாடி வச்சேன். திரும்ப மாட்டறப்ப… எல்லாம் ஒரே மாதிரி இருந்துச்சு.”

“டிஸ்க் மேல இருக்கறதை முதல்ல துடைங்க அண்ணே,” என்றாள் டெல்பின், பல்லைக் கடித்துக்கொண்டு. “ஒரு துளி சந்தனம் இருக்கக் கூடாது.” பீமராவ் நீட்டிய ஸ்பிரிட் பாட்டிலையும் துணியையும் வாங்கிக்கொண்டு அவர் ஓரமாகப் போய் உட்கார்ந்தார். டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

பீமராவ் இரண்டு வழி சொன்னார். பழைய கார்டிலேயே வரிசையைப் புதிதாகச் சொல்லிக் கொடுக்கலாம். அஞ்சு நிமிஷ வேலை. ஆனால் சொன்னதை அது டிஸ்க்கில் எழுதிக்கொள்ளும். வரிசை தப்பாக இருந்தால் கல்யாணத்தின் மேலேயே எழுதிவிடும். இன்னொன்று, அலமாரியிலிருந்து அவர் எடுத்துக் காட்டிய வெறும் கார்டு. அதற்குச் சொந்தமாக மூளை கிடையாது. எட்டு டிஸ்க்கையும் அப்படியே கம்ப்யூட்டருக்குக் காட்டும், எதையும் எழுதாது. எந்த வரிசை என்பதை மென்பொருளில் நாம்தான் சொல்ல வேண்டும். தப்பினால் வேறு வரிசையில் பார்க்கலாம்.

“எத்தனை வரிசை வரும்?”

“எட்டு டிஸ்க்குக்கா? நாப்பதாயிரத்தைத் தாண்டும். அந்தத் தட்டற டிஸ்க் பத்து தடவை தாங்கினா பெரிசு.”

போன் அடித்தது. மாமிதான். கொலுவைப் பார்க்கவும் சேர்த்து வரச்சொன்னாள். நாற்காலியெல்லாம் போட்டாயிற்றாம், வடக்குச் சித்திரை வீதி முழுக்கச் சொல்லியாயிற்றாம். வருகிறேன் மாமி என்று சொல்லி வைத்தாள் டெல்பின். இனி முடிவெடுக்க வேண்டியது அவள்தான்.

“அண்ணே, கொஞ்சமாச்சும் ஞாபகம் இருக்கா? இருந்தா பழைய கார்டுலயே போட்டுடலாம்.”

இருக்கிறது என்று சொல்லிவிட்டால் இந்த நிமிஷத்திலிருந்து தப்பிக்கலாம். அடைக்கலம் தலையைக் குனிந்துகொண்டார். “பொய் சொல்ல மாட்டேம்மா. ஞாபகம் இல்ல.”

“சரி. வெறும் கார்டையே போடுங்க சார்,” என்றாள். “இந்தக் கண்ணாடிப் பெட்டியும் வேணாம். காத்து போற மாதிரி ஏதாவது குடுங்க.”

பீமராவ் இழுத்துப் போட்டது அழுக்குச் சாம்பல் நிற இரும்பு கேபினெட். முன்பக்கம் முழுக்கக் கம்பி வலை, அதன் பின்னால் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு மின்விசிறி. அதைவிட அசிங்கமான பெட்டியை அவள் பார்த்ததில்லை. தட்டும் டிஸ்க்கை விசிறிக்கு நேராக மாட்டினால் ஆயுள் கொஞ்சம் நீளும் என்றார்.

மாட்டுவதற்காக டிஸ்க்குகளை வாங்க அடைக்கலத்திடம் திரும்பினாள். அவர் கையில் துடைப்பதற்குத் தயாராக ஒன்று. அதன் மேல் பொட்டு இல்லை. மூன்று விரலால் இழுத்த மூன்று கோடுகள், ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை. ஓரத்தில் அவை முடியவில்லை. அறுந்திருந்தன.

“துடைக்காதீங்க.” அவர் கை நின்றது. “எல்லாத்துக்கும் ஒரே இழுப்பா இழுத்தீங்களா?”

“ஆமாம்மா. உருவின வரிசையிலயே ஒட்டி ஒட்டி வச்சு, இந்தக் கடைசியிலேர்ந்து அந்தக் கடைசிக்கு ஒரே பட்டை.”

“எத்தனை துடைச்சாச்சு?”

“ரெண்டு.”

மீதி ஆறையும் மேஜையில் பரப்பினார்கள். ஒன்றில் சந்தனம் அப்பளம்போலத் தடித்திருந்தது. இன்னொன்றில் வெறும் நிழலாகத் தேய்ந்திருந்தது. தடித்தது முதல், தேய்ந்தது கடைசி. நடுவில் உள்ளவற்றை டெல்பின் ஓரத்தோடு ஓரம் வைத்துப் பார்த்தாள். அடைக்கலத்தின் கை போகப் போகக் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. கோடுகள் படி ஏறுவதுபோல ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவின. மூன்றாவது இடத்திலும் ஆறாவது இடத்திலும் மட்டும் பட்டை தொடராமல் விட்டுப்போனது. துடைத்த இரண்டும் அங்கேதான் இருந்திருக்க வேண்டும்.

“நல்ல வேளை, பொட்டு வைக்காம பட்டை இழுத்தீங்க,” என்றார் பீமராவ். நாற்பதாயிரம் இரண்டாகச் சுருங்கிவிட்டது.

முதல் வரிசையைக் கொடுத்தார்கள். கோப்புப் பெயர்கள் வந்தன. அடைக்கலம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். டெல்பின் ஒன்றைத் திறந்தாள். மணமேடை இருக்க வேண்டிய இடத்தில் பச்சைக் கட்டங்கள் துள்ளின. உடனே நிறுத்தினார்கள். விசிறி இரைச்சலையும் மீறி அந்தத் தட்டல் கேட்டது.

துடைத்த இரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்தாள். இந்த முறை திறந்ததும் சுபலட்சுமி மாலையோடு திரும்பி யாரையோ பார்த்துச் சிரித்தாள்.

ஆற அமர நேரமில்லை. ஒரு புது டிஸ்க்கைச் சொருகிப் படத்தை நகலெடுக்க ஆரம்பித்தார்கள், காலைச் சடங்கிலிருந்து வரிசையாக. மாலை மாற்றல் வந்தது. ஊஞ்சல் வந்தது. தாரை வார்ப்பது வந்தது. மாங்கல்யதாரணம் வந்து முடிந்தது. ‘டிக், டிக்’ என்பது ‘டக், டக்’ ஆனது. பீமராவ் தன் கடை மின்விசிறியையும் கொண்டுவந்து அதன் மேல் திருப்பினார். சப்தபதி வந்து சேர்ந்ததும் டிஸ்க் ஒரு தரம் கீச்சிட்டது. பிறகு சத்தமே இல்லை. அதோடு மற்ற ஏழும் வெறும் இரும்பு.

நலங்கு போய்விட்டது.

காவிரிப் பாலத்தில் ஆட்டோ ஊர்ந்தது. எப்படிச் சொல்வது என்று டெல்பின் தனக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். வீட்டில் நுழைந்ததும் அத்தனையும் மறந்து, உள்ளதை உள்ளபடியே சொன்னாள். தன்னிடம் வேறு நகல் இல்லாததையும் மறைக்கவில்லை. அடைக்கலம் குறுக்கிட்டு, தப்பு என்னுதும்மா என்றார். ரங்கநாயகி டிவியைப் போடச் சொன்னாள்.

போட்டார்கள். யார் கூப்பிட்டும் அவள் எழுந்திருக்கவில்லை. மகள் சித்தப்பாவின் மடியில் உட்கார்ந்தபோது மட்டும் பக்கத்திலிருந்த மகளின் கையைப் பிடித்தாள். சப்தபதியில் திரை கறுத்தது. பக்கத்து வீட்டு மாமி ஒருத்தி ‘அவ்ளோதானா’ என்றாள்.

ரங்கநாயகி எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது மாமியின் கையில் ஒரு தேங்காயும் ஒரு ஜமுக்காளமும்.

“மாப்ளே, அந்தண்டை ஒக்காருங்கோ. சுபா, நீ இந்தண்டை. அன்னிக்கு நலங்குல எப்படி உருட்டினேளோ அப்படியே உருட்டுங்கோ.”

“இப்பவா? பெட்டி கட்டணும்மா.”

“கட்டிக்கலாம். இதையாவது நான் நேர்ல பார்த்துக்கறேன்.”

மாதவன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தான். டெல்பின் பையிலிருந்து கேமராவை எடுத்தாள். அடைக்கலம் சொல்லாமலே லைட்டைத் தூக்கிப் பிடித்தார். கொலுப்படிக்கு முன்னால் தேங்காய் உருண்டது. அம்மா நலங்குப் பாட்டின் முதல் அடியை எடுத்துக் கொடுக்க, சுபலட்சுமி வெட்கத்தோடு பாட ஆரம்பித்தாள்.

கிளம்பும்போது மெமரி கார்டைக் கழற்றி மாமியின் உள்ளங்கையில் வைத்து மூடினாள் டெல்பின். “இது உங்ககிட்டயே இருக்கட்டும் மாமி. நாளைக்குக் காலையில வந்து நகல் எடுத்துக்கறேன்.”

“ரெண்டா எடுத்துக்கோ,” என்றாள் ரங்கநாயகி.