மச்சானும் வாணலியும்

மூன்று மாதம் பூட்டிக் கிடந்த பனிமலை விடுதியைத் திறக்க நானும் என் மச்சானும் காலையிலேயே போய்விட்டோம். அவர் காவலாளி, நான் சமையல்காரன். மதியம் முதலாளி விருந்தாளிகளோடு வருகிறார். அதற்குள் வாசல் சுத்தமாகவில்லை என்றால் மச்சானுக்கு வேலை போய்விடும். படிகளின் மேல் இடுப்பளவு பனி.

“மண்வெட்டி எங்க மச்சான்?”

அவர் கொட்டகையைக் காட்டினார். அதன் கதவும் பாதிக்கு மேல் பனிக்குள் இருந்தது.

“பனி அள்ளுற சாமானை அங்க வச்ச புத்திசாலி யாரு?”

“துருப்பிடிக்கக் கூடாதுன்னு வச்சேன். சிரிக்காத மாப்ள!”

திறக்க முடிந்தது பின்பக்கச் சமையலறைக் கதவு மட்டும்தான். உள்ளேயிருந்து பெரிய வாணலியை எடுத்துவந்தேன். மச்சான் அதை வாங்கிக்கொண்டு நேராகக் கொட்டகைக்கு நடந்தார்.

“எங்க போறீங்க?”

“மண்வெட்டிய எடுக்கத்தான்.”

“அதுக்குத் தோண்டுற நேரத்துல படியையே தோண்டிடலாமே!”

மச்சான் அசடு வழியத் திரும்பி வந்தார். மாற்றி மாற்றி அள்ளினோம். கடைசிப் படி தெரிந்தபோது வண்டி வந்து நின்றது.

முதலாளி படிகளைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். பிறகு மச்சான் கையிலிருந்த வாணலியைப் பார்த்தார்.

“என்னய்யா, நீயும் சமைக்க ஆரம்பிச்சிட்டியா?”

“வாசல் வேலை எப்பவோ முடிஞ்சிருச்சுங்க. மாப்ளைக்குக் கொஞ்சம் ஒத்தாசை.”

இடுப்பைப் பிடித்தபடி நானும் ஆமாம் போட்டேன். மச்சான் தங்கையோடுதானே நான் குடித்தனம் நடத்தவேண்டும்!