குடை மறைவு

தொழிலாளர் துறை அதிகாரி ஆய்வுக்கு வரப்போகிறார் என்பது விடியும்போதே தெரிந்துவிட்டது. பண்ணை முதலாளி குவோன் வன்னாரியைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு, மாடி அறையில் இரண்டு மெத்தைகளை விரிக்கச் சொன்னார். பூப்போட்ட போர்வை, கதவோரம் இரண்டு ஜோடிச் செருப்பு. இத்தனை வருஷத்தில் அந்த அறையை அவள் பார்த்தது அன்றுதான். ஜன்னலுக்குத் திரைகூட இருந்தது.

"நீங்க ரெண்டு பேரும் இங்கதான் இருக்கீங்க. புரிஞ்சுதா?" என்றார் குவோன். "நீ திரும்பி வர்றதுக்கான காகிதம் இன்னும் என் மேசை மேலதான் கிடக்கு. ஞாபகம் இருக்கட்டும்."

ஞாபகப்படுத்த வேண்டிய தேவையே இல்லை. கம்போடியாவிலிருந்து கொரியாவுக்கு வந்து அவளுக்கு நான்கு வருஷம் எட்டு மாதம் ஆகிறது. இன்னும் இரண்டு மாதத்தில் ஊருக்குக் கிளம்பியாக வேண்டும். இதே முதலாளி கையெழுத்துப் போட்டால்தான் மறுபடி வர முடியும். ஊரில் மகளின் படிப்பு அந்தக் கையெழுத்தை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அவளும் கூட வேலை செய்கிற சினாத்தும் உண்மையில் படுப்பது, கீரைபோலச் சாப்பிடுகிற இலை விளையும் பிளாஸ்டிக் கொட்டகைகளின் கடைசியில், கறுப்பு வலை போர்த்திய ஒன்றுக்குள். ஒட்டுப்பலகையில் ஓர் அறை, கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. கழிப்பறை என்று குவோன் சொல்வது வெளியே ஒரு குழி, குறுக்கே இரண்டு பலகை. சாலையில் போகிற லாரிக்காரன் எட்டிப் பார்க்கக்கூட வேண்டாம், எல்லாம் தெரியும். ஒருத்தி உட்கார்ந்தால் இன்னொருத்தி குடையை விரித்து மறைக்க வேண்டும். இரண்டு பேரும் ஒன்றாக எழுந்து போனால் அன்றைய இலைப் பெட்டிகள் நிறையாது. இதற்கு வன்னாரி ஒரு வழி வைத்திருந்தாள். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை தண்ணீர் குடிப்பதில்லை. ஏப்ரலில் வந்திறங்கிய சினாத்துக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தாள், ஏதோ பெரிய தொழில் ரகசியம் போல. ஜூலை வெயிலில் கொட்டகைக்குள் வெந்து வெந்து, இருபத்திரண்டு வயசுப் பெண்ணுக்கு நீர்க்கடுப்பு வந்தது. இப்போது மூன்று நாளாகக் காய்ச்சல். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இலை பறிக்கிறாள்.

பதினோரு மணிக்கு அதிகாரி வெள்ளைக் காரில் வந்தார். சின்ன வயசு, நல்ல முகம். மாடி அறையைப் பார்த்துவிட்டுக் கொட்டகைக்கு வந்தார். சினாத்துக்குக் கொரிய மொழியில் 'சீக்கிரம்' என்ற ஒரே சொல்தான் தெரியும். மொழிபெயர்ப்பாளருக்கு அதிகாரி போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

"இவ நல்லாப் பேசுவா சார். எனக்கு மக மாதிரி," என்று குவோன் வன்னாரியைக் காட்டினார். ஆய்வு நடக்கிற அன்றைக்கு மட்டும் அவருக்கு ஒரு மகள் கூடிவிட்டாள்.

"எங்க தூங்குறாங்க, உடம்புக்கு எப்படி இருக்குன்னு கேளுங்கம்மா," என்றார் அதிகாரி.

வன்னாரி தங்கள் மொழியில் கேட்டதுதான் தாமதம், சினாத் மளமளவென்று கொட்டினாள். "அந்தக் கறுப்பு வலைக்குள்ளன்னு சொல்லுக்கா. கதவு பூட்டாதுன்னு சொல்லு. ஒதுங்க இடமில்லாம தண்ணியே குடிக்கிறதில்ல, ஒண்ணுக்குப் போனா ரத்தமா வருதுன்னு சொல்லு. ஆம்பளைதான், பரவால்ல, சொல்லிடுக்கா."

வன்னாரி குவோனைப் பார்த்தாள். அவர் ஓர் இலையைத் திருப்பிப் பூச்சி தேடிக்கொண்டிருந்தார்.

"முதலாளி வீட்டு மாடியிலதான் தூங்குறா. உடம்புக்கு ஒண்ணும் இல்லையாம்," என்றாள், வாய் கூசாமல்.

"இவ்வளவு நேரம் பேசினாங்களே?"

"வெயில் ஜாஸ்தின்னும் சொல்றா சார்."

"அது எனக்கும்தான்," என்று சிரித்தபடி அதிகாரி எழுதிக்கொண்டார். அடுத்த பண்ணைக்கு வழிகாட்டக் குவோனும் அதே காரில் ஏறிக்கொண்டார்.

கார் நகர்ந்ததும் சினாத் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து பெரிய தண்ணீர்ப் புட்டியை எடுத்து, அண்ணாந்து மடமடவென்று குடித்தாள். கழுத்தெல்லாம் வழிந்தது.

"என்னடி பண்றே?"

"இனிமே என்னக்கா பயம்? அதான் எழுதிக்கிட்டாரே! ரெண்டு நாள்ல கக்கூஸ் கட்டிருவாங்க, பாரு. மொதலாளி பக்கத்துலயே நிக்கிறான், நீ கொஞ்சங்கூட நடுங்காம சொன்னியே! நானா இருந்தா நாக்கு ஒட்டிக்கிட்டிருக்கும்."

புட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கை கூப்பினாள். அவர்கள் ஊரில் கும்பிடுவதற்கும் உயரம் உண்டு. கூட்டாளிக்கு நெஞ்சுவரை, முதலாளிக்கு வாய்வரை, பெற்றவளுக்கு மூக்குவரை. சினாத்தின் கைகள் நெஞ்சைத் தாண்டி, வாயைத் தாண்டி, மூக்குவரை ஏறின.

வன்னாரிக்கு உடம்பே கூசிப்போனது. அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அவை காய்ச்சலில் கொதித்தன.

"என்னைக் கும்பிடாதடி. நான் சொல்லல. எதையுமே சொல்லல. நீ மாடியில நல்லாத் தூங்குறேன்னுதான் சொன்னேன். என் காகிதத்துக்காக."

சினாத் திட்டவில்லை. திட்டியிருந்தால், ஓர் அறை விட்டிருந்தால்கூட வன்னாரி தாங்கியிருப்பாள். அவள் புட்டியைத்தான் பார்த்தாள். அடியில் இரண்டு விரல் தண்ணீர் மிச்சம் இருந்தது.

"அப்ப... இதைக் குடிச்சுட்டேனேக்கா," என்றாள்.

அரை மணி நேரம்கூட அவளால் தாங்க முடியவில்லை. வன்னாரி குடையை விரித்துச் சாலையைப் பார்த்தபடி நின்றாள். பின்னால் சினாத் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். அப்போது அடுத்த பண்ணையை முடித்துக்கொண்டு வெள்ளைக் கார் திரும்பி வந்தது. அதிகாரி தனியாகத்தான் இருந்தார், குவோன் அங்கேயே இறங்கிவிட்டார் போல. குடையோடு நின்றவளைப் பார்த்து வேகத்தைக் குறைத்தார். வானத்தைக் காட்டி, வெயில்தானே என்பது போலச் சிரித்துக் கையசைத்தார்.

ஒரு குரல் கொடுத்தால் கார் நின்றுவிடும். குடையை விட்டால் சினாத் தெரிவாளே என்று மனசு சாக்குச் சொன்னது. குடை பிடிக்க ஒரு கை போதும். மறு கை சும்மாதான் இருந்தது. அதைத் தூக்கி, அவளும் பதிலுக்கு அசைத்தாள்.