இடம் மாறிய அறுபத்து மூன்று மூளைகள்

ஸ்கேன் எடுப்பதற்கு முன் ஒவ்வொருவரின் வலது நெற்றிப்பொட்டிலும் ஒரு வைட்டமின் மாத்திரையைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிடுவது கயல்விழியின் பழக்கம். எண்ணெய் அடைத்த மாத்திரை படத்தில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். வலது எது, இடது எது என்று குழம்ப வேண்டியதில்லை.

பத்து வருடமாக அந்தப் புள்ளியை யாரும் பார்க்கவில்லை. கணக்குப் போடும் மென்பொருள் தோலையும் மண்டையோட்டையும் உரித்துவிட்டு மூளையை மட்டும் காட்டும். மாத்திரையும் தோலோடு போய்விடும். வகுப்பில் காட்டுவதற்காக உரிக்காத பழைய படம் ஒன்றை அவள் அன்று தேடி எடுத்தாள். புள்ளி இடது பக்கம் இருந்தது.

அடுத்ததைத் திறந்தாள். அதிலும் இடது பக்கம். சாயங்காலத்துக்குள், ஆய்வுக்கு வந்த இடதுகைக்காரர்கள் அறுபத்து மூன்று பேரின் படங்களையும் பார்த்து முடித்துவிட்டாள். இடதுகைக்காரர்களை மட்டும் பழைய இயந்திரத்தில் எடுத்திருந்தார்கள். அதன் கோப்புகளை மாற்றியபோது வலதும் இடதும் புரண்டுபோயிருந்தன.

பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு மூளையின் இடது பாதியில் இருக்கும். இடதுகைக்காரர்களில் பலருக்கும் அப்படித்தான். ஆனால் இந்த வட்டாரத்து இடதுகைக்காரர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது வலது பாதியில் இருக்கிறது என்று எழுதிப் பெயர் வாங்கியவள் கயல்விழி. சேலத்தில் அவளுக்கென்று ஓர் ஆய்வுக்கூடம் கிடைத்ததே அந்தக் கட்டுரையால்தான். இப்போது அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது.

கட்டுரையைச் சேர்ந்து எழுதிய இளஞ்செழியனைப் போனில் அழைத்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவன் முதலில் கேட்டது இதுதான்:

"வேற யாருக்காச்சும் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப எதுக்குங்க அவசரம்? புதுசா இருவது பேரை எடுத்துப் பார்க்கலாம். மெதுவா ஒரு திருத்தம் போட்டுக்கலாம்."

"திருத்தறதுக்கு அதுல ஒண்ணும் மிஞ்சலை, செழியன். திருப்பி வாங்கிக்கிறேன்னு எழுதப்போறேன்."

எழுதினாள். நான்கு வரிதான். மூன்று மாதத்தில் ஆய்விதழ் கட்டுரையை நீக்கியது. அடுத்த வருடத்துக்கான நிதியும் நின்றது. அவள் எதிர்பார்த்த அழுகை வரவில்லை. தூக்கம்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பகல் முழுக்கத் தூங்கினாள்.

ஸ்கேனுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் அவரவர் மூளைப் படத்தை அப்போது அச்சிட்டுக் கொடுத்திருந்தாள். சரியான படத்தைத் தபாலில் அனுப்பினால் போதும் என்றுதான் அலுவலகத்தில் சொன்னார்கள். அவள் சனிக்கிழமைகளில் நேரில் போனாள்.

அந்த அறுபத்து மூன்று பேரில் ஒருத்தியான குஞ்சம்மாளின் வீடு மல்லசமுத்திரத்தில். கோழிப்பண்ணையில் முட்டை பிரிக்கும் வேலை. கணவன் சின்னண்ணன் சங்ககிரியில் லாரி ஓட்டுகிறவன். அன்று லோடு இல்லாமல் வீட்டில் இருந்தான். உள்ளே நுழைந்ததும் கயல்விழியின் கண்ணில் பட்டது, டிவிக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருந்த அந்தப் படம்.

உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, விஷயத்தைச் சொன்னாள். குஞ்சம்மாள் நின்றபடியே கேட்டாள்.

"அப்ப நான் இடதுகை இல்லீங்களா?"

"இடதுகைதாங்க. அதுல மாத்தமில்லை. பேச்சு வலது பக்கம்னு சொன்னேன்ல, அதுதான் தப்பு. உங்களுக்கும் எல்லாரையும் போல இடது பக்கந்தான் இருக்குது."

"என்ற புள்ள பள்ளிக்கூடம் சேர்ந்தப்ப, இடதுகையில எழுதறாள்னு இவரு அடிச்சாருங்க. எங்கப்பன் என்னைய அடிச்ச மாதிரியே. இந்தப் படத்தைக் காட்டித்தான் நிறுத்துனேன். பொறப்புலயே மூளை இப்படி, டாக்டரம்மா சொல்லீருக்காங்கன்னு." அவள் குரல் ஏறியது. "இப்ப வந்து பொய்யிங்கறீங்க."

கயல்விழி சின்னண்ணனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூளை திரும்பியிருந்தாத்தான் இடதுகைன்னு இல்லீங்க. எல்லாரையும் போல இருந்தாலும் இடதுகை வரும். அடிச்சு மாத்தற சமாச்சாரம் இல்லை அது. நான் சொன்னதுல இது மட்டும் தப்பில்லைங்க."

சின்னண்ணன் எழுந்து புதுப் படத்தை வாங்கி, பழையதுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். "எனக்கு ரெண்டும் ஒண்ணாட்டத்தாங்க தெரியுது," என்றான். பிறகு மனைவியிடம், "புள்ள இப்ப ஏழாவது போறா. இனி எவன் அடிக்கப் போறான்?" என்றான்.

குஞ்சம்மாள் புதுப் படத்தை அவன் கையிலிருந்து வாங்கி, நான்காக மடித்து, பீரோவில் துணிக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். சுவரில் இருந்ததைத் தொடவில்லை.

"அதை எடுத்தறலாங்களே," என்றாள் கயல்விழி.

"அது இருக்கட்டுங்க. என்னையப் பத்தி ஒருத்தரு நல்லதாச் சொன்னது அது ஒண்ணுதான்."

கயல்விழி மன்னிச்சுக்குங்க என்றாள். குஞ்சம்மாள் தலையாட்டினாளே தவிர, போய்ட்டு வாங்க என்று சொல்லவில்லை.

பஸ் நிறுத்தத்தில் வெயில் இறங்கவில்லை. பையில் இன்னும் கொடுக்காத படங்களோடு பதினோரு உறை இருந்தது. முதலில் வந்த சங்ககிரி பஸ்ஸைப் போக விட்டாள். அடுத்ததில் ஏறினாள்.